பாதம் தரையைத் தொடும் நேரம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

1980களில் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வகத்துக்குச் சில மனிதப் பாதங்கள் வந்து சேர்ந்தன. நோயாளிகளிடமிருந்து அறுவை மருத்துவர்கள் அகற்ற நேர்ந்த கால்களின் பாதங்கள் அவை. ஆய்வாளர்கள் அவற்றைப் பொருள்களின் உறுதியைச் சோதிக்கும் இயந்திரம் ஒன்றில் பொருத்தினார்கள். ஓடுகிறவரின் எடை ஒரு பாதத்தின்மேல் இறங்கி ஏறுகிற அதே விரைவில் இயந்திரம் பாதத்தை அழுத்தியது, விட்டது, மறுபடி அழுத்தியது. ஒவ்வொரு முறையும் உள்ளங்கால் வளைவு தாழ்ந்து, விட்டதும் எழுந்துகொண்டது. பிறகு குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை ஓடும் தடித்த நார்ப்பட்டையை அறுத்துவிட்டு அழுத்தினார்கள். அதற்கு மேலே உள்ள நார்களையும் அடுத்தடுத்து அறுத்துவிட்டு அழுத்தினார்கள். வளைவைத் தாங்குவது எது, எவ்வளவு தாங்குகிறது என்பது இப்படித்தான் தெரியவந்தது.

கேட்கும்போது கொஞ்சம் கொடூரமாகத்தான் இருக்கிறது. உயிருள்ள காலுக்குள் இதே கணக்கைப் போட்டுப் பார்க்க அன்று வழியில்லை.

ஆய்வுக் குழுவில் இருந்தவர் மெக்நீல் அலெக்சாண்டர். கால்தடங்களின் அளவையும் இடைவெளியையும் வைத்து டைனோசர்களின் வேகத்தை 1976இல் கணக்கிட்டுக் காட்டியவர். கங்காரு இனம், ஒட்டகம் என்று கால் முளைத்த எதையும் விடாமல் ஆராய்ந்தவர். கெர் என்பவரை முதல் ஆசிரியராகக் கொண்டு அந்தக் குழு எழுதிய கட்டுரை 1987இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் நொடிக்கு 4.5 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டரில் ஓடுவதாக வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு முறை கால் ஊன்றும்போதும் அவர் உடல் ஏறத்தாழ 100 ஜூல் ஆற்றலை இழந்து மீண்டும் பெறுகிறது. அதில் 17 ஜூலைப் பாத வளைவும் 35 ஜூலைக் குதிகாலுக்கு மேலே உள்ள அக்கிலிஸ் தசைநாணும் இழுபட்டுச் சேமித்து வைக்கின்றன. உடல் மேலெழும்போது அதில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடுகின்றன. ஓட்டத்துக்கான வேலையில் ஏறக்குறைய பாதியைச் சோறு தின்னாத நார்களே பார்த்துக்கொள்கின்றன.

இந்தச் சோதனைக்குத் தேவை எப்படி வந்தது என்று பார்க்க இத்தாலிக்குப் போகவேண்டும். 1964இல் மிலான் நகரத்து உடலியலாளர்கள் ஜியோவானி கவாஞ்ஞாவும் ரொடோல்ஃபோ மர்காரியாவும் சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து ஓட்டத்தின் வரவு செலவைப் பார்த்தார்கள். ஓடுகிறவர் உள்ளிழுக்கும் ஆக்சிஜனை அளந்தால் செலவு தெரியும். உடலை ஏற்றி இறக்கி, முன்னே தள்ளச் செய்த இயந்திர வேலையை அளந்தால் வரவு தெரியும். தசை என்னதான் முயன்றாலும் தனக்குக் கிடைக்கும் ஆற்றலில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும். மீதி வெப்பமாகப் போய்விடும். ஆனால் மிலான் கணக்கில் ஓட்டத்தின் திறன் 40 முதல் 50 விழுக்காடு வரை வந்தது. தசையால் முடியாத காரியம். அப்படியானால் ஒருமுறை செய்த வேலையே உடலுக்குள் எங்கோ பதுங்கி மறுமுறையும் பயன்படுகிறது என்றுதான் கொள்ளவேண்டும். பதுங்கும் இடத்தைத்தான் லீட்ஸ்காரர்கள் பிறகு அறுத்துப் பார்த்தார்கள்.

இதற்கு முன்னால் இருந்த எண்ணம் வேறு. தசை பற்றிய ஆய்வுக்காக 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்ற ஏ. வி. ஹில், 1920களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஓட்டக்காரர்களின் உடலில் காந்தமாக்கிய இரும்பு ரம்பத் தகட்டைக் கட்டி, ஓடுபாதை ஓரத்தில் கம்பிச் சுருள்களை நிறுத்திவைத்து அவர்கள் வேகத்தை அளந்தார். அளவீடு அபாரம். விளக்கம் நிலைக்கவில்லை. தசைக்குள் இருக்கும் பாகுத்தன்மைதான் வேகத்துக்குத் தடை என்று அவர் கருதினார். சில ஆண்டுகளிலேயே, 1930இல், ராச்செஸ்டரில் வாலஸ் ஃபென் ஓட்டக்காரர்களைப் படமெடுத்து, கை கால்களை வீசி நிறுத்தவே எவ்வளவு வேலை ஆகிறது என்று கணக்குக் காட்டியதும் அந்தப் பாகுக் கொள்கை ஆட்டம் கண்டது.

கவாஞ்ஞாவின் அளவீடுகளால் இன்னொன்றும் தெளிவாயிற்று. ஓட்டம் என்பது வேகமான நடை அல்ல. நடக்கும்போது ஊன்றிய கால் ஏறத்தாழ நேராக நிற்க, உடல் அதன்மேல் ஏறி இறங்கும். உடல் உச்சியில் இருக்கும்போது வேகம் குறைவு, இறங்கும்போது அதிகம். தலைகீழாக நிறுத்திய ஊசலின் கணக்கு அது. ஓடும்போது நேர் எதிர். பாதி ஊன்றலில் உடல் மிகத் தாழ்ந்திருக்கும்போதே வேகமும் குறைந்திருக்கும். உயரமும் வேகமும் ஒரே சமயத்தில் குறைந்தால் அந்த ஆற்றல் எங்கே போகும்? தரையில் பட்ட ரப்பர் பந்து நசுங்குவதுபோல் கால் மடங்கி, தசைநாண்களுக்குள் அதை வாங்கிக்கொள்கிறது.

சிம்பன்சிக்கு அக்கிலிஸ் தசைநாண் மிகக் குட்டை. பாத வளைவும் நம்மைப்போல் இல்லை. மரமேறிக்கு அது போதும். மனிதனுக்கு மட்டும் இவ்வளவு நீளமான நாண் எதற்கு? மனித உடல் ஓட்டத்துக்காக உருவானதா என்ற பெரிய கேள்வியை அமெரிக்க ஆய்வாளர் டேவிட் கேரியர் 1984இல் எழுப்பியிருந்தார். அவருடைய ஆசிரியர் டென்னிஸ் பிராம்பிளும் ஹார்வர்டின் டேனியல் லீபர்மனும் 2004இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு முழுப் பட்டியலையே கொடுத்தார்கள்: நீண்ட நாண், வளைந்த பாதம், பெரிய பிட்டத் தசை, வியர்க்கும் வெறுந்தோல், பிறகு பிடரியில் தலையை இழுத்துப் பிடிக்கும் ஒரு நார். இந்தக் கடைசிச் சங்கதி ஒரு பன்றியிலிருந்து தொடங்கியது. லீபர்மன் டிரெட்மில்லில் ஓடவிட்டிருந்த பன்றியின் தலை தாறுமாறாக ஆடுவதைப் பார்த்த பிராம்பிள், அதற்குப் பிடரி நார் இல்லை என்று சுட்டிக்காட்டினார். நாய்க்கு உண்டு, குதிரைக்கு உண்டு, நமக்கும் உண்டு, சிம்பன்சிக்கு இல்லை. சுமார் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் விலங்குகளை ஓடி ஓடிக் களைக்கச் செய்து பிடித்தார்கள், உடல் அதற்கேற்ப மாறியது என்பது அவர்கள் வாதம். கலகாரிப் பாலையில் 40 டிகிரி வெயிலில் மான் இனத்தை மணிக்கணக்கில் விரட்டிச் சாய்க்கும் வேட்டையை லூயிஸ் லீபன்பெர்க் 2006இல் நேரில் கண்டு எழுதினார். எலும்புக்கும் நாருக்கும் காரணம் கற்பிப்பதில் எப்போதும் ஒரு துணிச்சல் இருக்கிறது. பெரிய பிட்டத் தசை ஏறுவதற்கும் உதவும், தோண்டுவதற்கும் உதவும் என்று மறுப்பவர்கள் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. ஆனால் நாண் நீளமாக இருக்கிறது என்பதிலோ, ஓட்டத்தில் அது உதவுகிறது என்பதிலோ ஐயம் இல்லை.

மர்காரியா விட்டுச் சென்ற இன்னொரு கணக்கு அன்றாடத்துக்கும் பயன்படும். ஒரு கிலோமீட்டர் ஓட ஒரு கிலோ உடல் எடைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கலோரி ஆகும். எவ்வளவு வேகமாக ஓடினாலும் இது பெரிதாக மாறாது. 60 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டரை 25 நிமிடத்தில் முடித்தாலும் 35 நிமிடத்தில் முடித்தாலும் செலவு 300 கிலோ கலோரியை ஒட்டியே இருக்கும். ஏன் அப்படி? ரோஜர் கிராமும் ரிச்சர்ட் டெய்லரும் 1990இல் ஒரு விடை தந்தார்கள். தசை எவ்வளவு வேலை செய்கிறது என்பதைவிட, உடலைத் தாங்கும் விசையை எவ்வளவு குறுகிய நேரத்தில் எழுப்ப வேண்டியிருக்கிறது என்பதே செலவைத் தீர்மானிக்கிறது. பாதம் தரையில் இருக்கும் நேரம் பாதியானால் நிமிடச் செலவு இரண்டு மடங்காகும். எலி முதல் குதிரைவரை ஒரே விதி பொருந்திவந்தது.

அந்தத் தொடு நேரத்தை முதலில் முறையாகப் பதிவு செய்தவர்களில் ஒருவர் பிரெஞ்சு உடலியலாளர் எத்தியேன் ழூல் மாரே. 1873இல் வெளிவந்த அவரது நூலில் ஒரு படம் உண்டு: ஓடுகிறவரின் காலணி அடியில் காற்றடைத்த ரப்பர் அறை, அதிலிருந்து ஒரு குழாய், அது போய்ச் சேரும் பதிவுக் கருவி ஓடுகிறவர் கையிலேயே. பத்தாண்டு கழித்து, கறுப்பு உடையில் வெள்ளைக் கோடு போட்ட ஓட்டக்காரர்களைக் கறுப்புப் பின்னணியில் படமெடுத்ததால்தான் அவர் இன்று அதிகம் பேசப்படுகிறார். ஆனால் ஓட்டத்தைப் பொறுத்தவரை அந்த ரப்பர் செருப்புத்தான் பெரிய கண்டுபிடிப்பு. பார்ப்பவர் கண் வீசுகிற காலின் பின்னாலேயே போகிறது. வேகத்தின் கணக்கோ ஊன்றிய காலில் இருக்கிறது.

அதைத் தாளில் போட்டே பார்த்துவிடலாம். ஒரே உயரத்தில் தொடர்ந்து ஓடுகிறவர் கீழே விழுந்துவிடாமல் இருக்கவேண்டுமானால், தரை அவரை மேலே தள்ளும் விசையின் சராசரி அவர் எடைக்குச் சமமாக இருந்தாகவேண்டும். நொடிக்கு 3 எட்டு வைக்கும் மாரத்தான் ஓட்டக்காரருக்கு ஒவ்வொரு எட்டுக்கும் 0.33 நொடி. அதில் பாதம் தரையில் இருப்பது 0.2 நொடி. ஆக அந்த நேரத்தில் எடையின் 1.7 மடங்கு விசை வேண்டும். குறுந்தொலைவு வீரர் நொடிக்கு 4 எட்டு வைக்கிறார், எட்டுக்கு 0.25 நொடி, தரையில் 0.1 நொடிதான். அவருக்குச் சராசரியே இரண்டரை மடங்கு. 70 கிலோ ஆளுக்கு 175 கிலோ, அதுவும் ஒற்றைக் காலில், கண் இமைப்பதற்குள். உச்ச விசை இன்னும் மேலே போகும்.

வேகமாக ஓடுகிறவர் காலை வேகமாக வீசுகிறார் என்றுதான் பயிற்சியாளர்களும் நெடுநாள் நம்பியிருந்தார்கள். பீட்டர் வேயண்டின் குழு 33 பேரை விசை அளக்கும் டிரெட்மில்லில் உச்ச வேகத்தில் ஓடவிட்டு 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டது. ஆமை வேகக்காரருக்கு உச்சம் நொடிக்கு 6.2 மீட்டர், முயலுக்கு 11.1 மீட்டர். ஆனால் தரையை விட்ட கால் மறுபடி தரைக்கு வந்து சேர இருவருக்கும் ஏறத்தாழ ஒரே நேரம்தான் ஆனது. வேறுபாடு விசையில். வேகமானவர் எடைக்கு ஏற்பக் கால்பங்கு கூடுதலாகத் தரையை அழுத்தினார், அதையும் குறைந்த நேரத்துக்குள் முடித்தார்.

உசைன் போல்ட் 2009 ஆகஸ்ட் 16 அன்று பெர்லினில் 100 மீட்டரை 9.58 நொடியில் 41 எட்டில் முடித்தார். 1.95 மீட்டர் உயரம் அவருக்கு எட்டின் நீளத்தைக் கொடுத்தது. அந்த உயரத்தையும் எடையையும் பத்தில் ஒரு நொடிக்குள் மேலே தூக்கிப் போடும் வலுவும் இருந்ததால்தான் அது பயன்பட்டது. முதுகெலும்பு வளைவோடு பிறந்தவர். வலது கால் சற்றுக் குட்டை. டல்லாசில் வேயண்டின் ஆய்வகம் அவருடைய பந்தயக் காணொளிகளை அலசி 2017இல் சொன்னது: வலது கால் தரையை 13 விழுக்காடு கூடுதல் உச்ச விசையுடன் அடிக்கிறது, இடது கால் 14 விழுக்காடு கூடுதல் நேரம் தரையில் தங்குகிறது. இரண்டு காலும் ஒன்றுபோல் இயங்கவேண்டும் என்று விசில் ஊதிக்கொண்டிருந்தவர்களுக்கு இது சங்கடமான செய்தி. உலகின் மிக வேகமான மனிதன் கொஞ்சம் நொண்டித்தான் ஓடினான்.

இந்தக் கணக்குகள் ஆய்வகத்திலிருந்து நீதிமன்றத்துக்குப் போனதும் உண்டு.

தென்னாப்பிரிக்காவின் ஆஸ்கர் பிஸ்டோரியஸுக்குப் பிறவிக் குறையால் 11 மாதக் குழந்தையாக இருந்தபோதே இரு கால்களும் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டன. கார்பன் இழையால் ஆன வளைதகடுகளில் 400 மீட்டர் ஓடினார். மாற்றுத்திறனாளிகள் போட்டியில் வெல்லும்வரை எல்லோரும் கைதட்டினார்கள். மற்றவர்களோடு ஓட வந்ததும் கேள்வி எழுந்தது. உலகத் தடகளச் சம்மேளனத்துக்காகக் கொலோன் நகரப் பேராசிரியர் பீட்டர் புரூக்மன் சோதித்து, அதே வேகத்துக்கு அவர் ஏறத்தாழ 25 விழுக்காடு குறைவான ஆற்றலைச் செலவிடுகிறார் என்றார். 2008 ஜனவரியில் தடை. அதே ஆண்டு மே 16 அன்று லொசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம் அதை ரத்துசெய்தது. சோதனை முழு வேகத்தில் நேர்ப்பாதையில் ஓடுவதை மட்டும் பார்த்தது. புறப்பாட்டையும் வளைவையும் விட்டுவிட்டது. மொத்தத்தில் ஆதாயம் என்று நிரூபிக்கப்படவில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

பிஸ்டோரியஸ் தரப்புக்காகச் சோதித்தவர்களில் வேயண்டும் ஹ்யூ ஹெரும் ரோஜர் கிராமும் இருந்தார்கள். எல்லோரும் சேர்ந்து 2009இல் ஒரே கட்டுரை எழுதினார்கள். அவர் ஆக்சிஜன் செலவு தேர்ந்த ஓட்டக்காரர்களின் வரம்புக்கு அருகிலேயே இருந்தது. ஆனால் ஓடும் விதம் வேறு: தரையைக் குறைந்த விசையில் அழுத்துகிறார், அதிக நேரம் தங்குகிறார், காலை அசாதாரண விரைவில் முன்னே கொண்டுவருகிறார். எண்களில் யாருக்கும் சண்டை இல்லை. பொருள் சொல்வதில் குழு இரண்டாகப் பிளந்தது. தகடு இலேசானது, அதனால் இயற்கைக் காலுக்கு முடியாத வேகத்தில் வீச முடிகிறது, இது பெரிய ஆதாயம் என்றார் வேயண்ட். விசையை எழுப்ப முடியாத குறையைத்தான் அவர் வேகமான வீச்சால் ஈடுகட்டுகிறார் என்றார்கள் கிராமும் ஹெரும். ஒரே தரவு, ஒரே சோதனைச்சாலை, நேரெதிர் முடிவு. இந்த இரண்டில் கிராம் தரப்பின் வாதம் தீர்ப்புக்கு ஏற்றது, வேயண்ட் தரப்பின் வாதம் இயற்பியலுக்கு நெருக்கமானது என்றே தோன்றுகிறது. பிஸ்டோரியஸ் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அரையிறுதிவரை ஓடினார். காதலியைச் சுட்டுக் கொன்ற வழக்கில் அவர் சிறை சென்றது இந்த உரைக்கு வெளியே.

2020இல், இதேபோன்ற தகடுகளில் ஓடிய அமெரிக்காவின் பிளேக் லீப்பர் வழக்கில் அதே மன்றம் வேறொரு இடத்தைத் தொட்டது. ஆதாயம் இல்லை என்று வீரரே நிரூபிக்கவேண்டும் என்ற விதி செல்லாது என்றது. ஆனால் அவருடைய தகடுகள் இயல்பாக வளர்ந்திருக்கக்கூடிய உயரத்தைவிட அவரை உயர்த்திவிட்டன, அதனால் ஆதாயம் உண்டு என்றும் சொன்னது.

தகட்டைச் சட்டம் அளந்துகொண்டிருந்தபோது காலணிக்குள்ளும் தகடு நுழைந்துவிட்டது. அதற்கு ஒரு முன்கதை உண்டு. 1977இல் ஹார்வர்டின் உள்ளரங்க ஓடுபாதையைத் தாமஸ் மக்மஹனும் பீட்டர் கிரீனும் வடிவமைத்தார்கள். காலே ஒரு ஸ்பிரிங் என்றால், தரையும் சரியான விறைப்புள்ள ஸ்பிரிங்காக இருந்தால் என்ன? மெத்தைபோல் அமுங்கினால் பாதம் தரையிலேயே தங்கிவிடும். கான்கிரீட்டாக இருந்தால் அடி வாங்கும். இடையில் ஒரு விறைப்பைக் கணக்கிட்டு மரத்தால் கட்டினார்கள். வீரர்களின் நேரம் இரண்டு, மூன்று விழுக்காடு குறைந்தது; காயங்களும் பெருமளவு குறைந்தன.

நாற்பது ஆண்டு கழித்து நைக்கி அந்தத் தரையைக் காலில் கட்டிவிட்டது எனலாம். கொலராடோவில் வவுட்டர் ஹூக்காமரும் கிராமும் 18 ஓட்டக்காரர்களிடம் நைக்கியின் புதிய காலணியைச் சோதித்து, முந்தைய மாரத்தான் காலணிகளைவிட ஆற்றல் செலவு சராசரி 4 விழுக்காடு குறைகிறது என்று கண்டார்கள். அதன் நுரை, அழுத்தியதில் 87 விழுக்காட்டைத் திருப்பித் தந்தது. எலியுட் கிப்சோகே 2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் 1 மணி 59 நிமிடம் 40 நொடியில் மாரத்தான் தொலைவை முடித்தது இந்த வரிசையில் வந்த ஒரு காலணியில்தான். 2020 ஜனவரியில் அடிப்பாகத் தடிமன் 40 மில்லிமீட்டருக்கு மிகக்கூடாது, ஒரு தகடுதான் இருக்கலாம் என்று விதி வந்தது. விளம்பரம் எல்லாம் கார்பன் தகட்டுக்கு. ஆனால் பின்னாளில் ஹூக்காமர் அதே தகட்டை முன்பகுதியில் குறுக்கே வெட்டி விறைப்பைக் குலைத்துவிட்டு ஓடச் சொன்னபோது செலவு அரை விழுக்காடு அளவுக்குத்தான் ஏறியது. பெரும்பாலான வித்தை நுரையில் இருக்கிறது.

வெறுங்கால் கட்சி இதற்கு மறுகோடி. 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை அபெபே பிகிலா வெறுங்காலில் வென்றார். 1964 டோக்கியோவில் காலணியோடு இன்னும் மூன்று நிமிடம் வேகமாக ஓடி வென்றார் என்பதை அந்தக் கட்சியினர் அவ்வளவாகச் சொல்வதில்லை. வெறுங்காலில் பழகியவர்கள் முன்பாதத்தை முதலில் ஊன்றுவதால் தரை மோதலின் திடீர் அதிர்ச்சி இல்லாமல் போகிறது என்று லீபர்மன் 2010இல் காட்டினார். விரல்விட்ட காலணிகள் அமோகமாக விற்றன. 2013இல் வடக்குக் கென்யாவின் தாசனச் மக்களைப் பார்த்தவர்கள், காலணி இல்லாமலே பழகிய அவர்களில் பலர் மிதமான வேகத்தில் குதிகாலைத்தான் முதலில் ஊன்றுகிறார்கள் என்று எழுதினார்கள். உடல்நல ஆதாயம் பற்றிய விளம்பர வழக்கை, விரல்விட்ட காலணிகளைச் செய்த வைப்ரம் நிறுவனம் 2014இல் 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

அவையோரில் பலர் காலையில் நடப்பவர்கள். ஓடச் சொன்னால் முதலில் வரும் பதில் மூட்டு தேய்ந்துவிடும் என்பது. அதற்கும் தொடு நேரத்திலேயே விடை இருக்கிறது. ஓடும்போது முழங்கால் மூட்டின் உச்சச் சுமை நடையில் உள்ளதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆனால் அந்தச் சுமை தங்கும் நேரம் குறைவு, எட்டின் நீளம் அதிகம், ஆகவே ஒரு கிலோமீட்டருக்கு வைக்கும் எட்டுகளும் குறைவு. ராஸ் மில்லர் குழு 2014இல் கூட்டிப் பார்த்தபோது, ஒரே தொலைவுக்கு மூட்டு தாங்கும் மொத்தச் சுமை நடைக்கும் ஓட்டத்துக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே வந்தது. பல ஆய்வுகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்வு பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 விழுக்காடு, ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2, போட்டிக்காக ஓடுபவர்களில் 13.3 என்று இருந்தது. மூட்டு வலி வந்தவர்கள் ஓட்டத்தை முன்பே விட்டிருக்கலாம் என்பதால் இதை ஓட்டத்தின் மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ளக்கூடாது. பொழுதுபோக்காக ஓடுவது மூட்டைத் தின்றுவிடும் என்ற பயத்துக்கு இந்த எண்கள் இடம் தரவில்லை என்ற அளவில் சொல்லலாம்.

முழங்காலைக் காப்பாற்றிக்கொண்டு ஓட விரும்புகிறவருக்கு ஆய்வுகள் சொல்லும் மிக எளிய மாற்றம் எட்டின் எண்ணிக்கையில் இருக்கிறது. விஸ்கான்சினில் பிரையன் ஹைடர்ஷைட் குழு 2011இல் வேகத்தை மாற்றாமல் எட்டுகளை மட்டும் 5 விழுக்காடு கூட்டச் சொன்னபோது, முழங்கால் வாங்கிக்கொள்ளும் ஆற்றல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. நிமிடத்துக்கு 160 எட்டு வைப்பவர் 168 வைத்தால் போதும். எட்டு சற்றுக் குட்டையாகிறது, பாதம் உடலுக்கு முன்னே வெகுதூரம் நீளாமல் இடுப்புக்கு அருகில் இறங்குகிறது, தரை பின்னோக்கித் தள்ளும் தடை விசையும் குறைகிறது. கைப்பேசியில் தாளம் தட்டும் இலவசச் செயலி ஒன்றை 168இல் வைத்துக்கொண்டு முதல் சில நாள்கள் ஓடினால் கால் அதைப் பிடித்துக்கொள்ளும்.